துண்டுக்குள்ள ஒரே ஒருக்கா

எனக்கு வாய் அதிகம். ஊருல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. தைக்கக் குடுத்த ஜாக்கெட்டை வாங்க வர்ற பொண்ணுங்க, என் பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருந்து, ஜாக்கெட்டை மறந்துட்டுப் போயி, மறுநாள் திரும்ப வந்திருக்காங்க. அப்படிப்பட்ட எனக்குப் பொறந்தவ அஞ்சு வயசாகியும் ஒரு வார்த்தை பேசல.

பொறக்கும்போதே மூச்சுத் திணறிப்போச்சு. சர்ட்டிபிகேட்ல மூளை முடக்குவாதம்னு எழுதியிருக்கு. காலு ரெண்டும் விறைச்சுக்கும். வலது கை மடங்கியே இருக்கும். எடது கை மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்கும், அதுவும் அதுக்கு மனசு வந்தா. வாயில சத்தம் வரும், சிரிப்பு வரும், வார்த்தை வராது.

ஆனா அவ கண்ணு இருக்கே, அடேயப்பா! நான் மிஷின்ல உக்காந்தா, அவளுக்குன்னு செஞ்ச மர நாற்காலியில பெல்ட்டு போட்டு பக்கத்துல உக்கார வச்சுக்குவேன். என்னையேதான் பாத்துட்டு இருப்பா. ஊசியில நூல் ஏறலைன்னு நான் திட்டினா ஒரு பார்வை, யாரைப் பத்தியாவது பொரணி பேசினா வேற ஒரு பார்வை. காலையில பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைங்க வாசல்ல சத்தம் போட்டுக்கிட்டுப் போனா, உடம்பெல்லாம் முறுக்கிகிட்டு வாசப்பக்கம் திரும்புவா. அவங்க போன அப்புறமும் அங்கயே பாத்துட்டு இருப்பா.

எனக்கு அப்பல்லாம் மண்டைக்குள்ள ஒரே குடைச்சல். நான் பேசறது இவளுக்குப் புரியுதா, இல்ல ரேடியோ மாதிரி சத்தத்தை மட்டும் கேட்டுட்டு இருக்காளா? வூட்டுக்கு வர்றவங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க. "பாவம், ஒண்ணும் தெரியாத புள்ள"ன்னு ஒருத்தி உச்சு கொட்டுவா. "அதெல்லாம் எல்லாம் தெரியும் அதுக்கு"ன்னு இன்னொருத்தி அடிச்சுச் சொல்வா. "ஏன், உள்ள போயிப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்?"னு கேட்டுடுவேன். கேட்டுட்டு எனக்கே சுருக்குனு இருக்கும். நானுந்தான் உள்ள போயிப் பாத்ததில்ல.

எங்கூட்டுக்காரரு மாட்டுத் தரகரு. காரிமங்கலம் சந்தையில விக்கிறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல நின்னு பேரம் முடிச்சு விடறதுதான் வேலை. அந்தப் பேரத்தை வாயால பேச மாட்டாங்க. சுத்தி நிக்கிறவங்களுக்கு விலை தெரியக் கூடாதில்ல? அதனால தரகரும் எதுத்தாப்புல இருக்கறவரும் கையைக் கோத்துக்குவாங்க, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. உள்ள விரலைப் பிடிச்சுப் பிடிச்சு விலை சொல்லுவாங்க. வாய் மட்டும் "என்னாங்க, உங்க பக்கம் மழையா?"ன்னு வேற கதை பேசிட்டு இருக்கும். கர்நாடகாப் பக்கத்துலருந்து வர்றவங்க கன்னடம் பேசுவாங்க, இங்கேயே தெலுங்கு பேசற வூடுங்களும் நெறைய உண்டு. விரலுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்.

சந்தை முடிஞ்சு வந்தா அவரு குளிச்சுட்டு நேரா பாப்பாவைத் தூக்கி மடியில வச்சுக்குவாரு. ஒருநாள் வெளையாட்டுக்கு அவ எடது கை மேல துண்டைப் போட்டு, தன் கையை உள்ள விட்டுட்டு, "வாங்க மொதலாளி, என்னா சொல்றீங்க?"ன்னாரு. அவ கலகலன்னு சிரிச்சா. அதுலருந்து தெனமும் அதான் ஆட்டம். கொஞ்ச நாள் போயி எங்கிட்ட வந்து, "ஏ புள்ள, பாப்பா எங்கிட்ட பேசறா"ன்னாரு.

"என்னா பேசறா?"

"ஆள்காட்டி விரலைப் பிடிச்சா ஆமா. கட்டை விரலைப் பிடிச்சா இல்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சோறு வேணுமான்னா ஆள்காட்டி விரலைப் பிடிக்கிறா. மருந்து வேணுமான்னா கட்டை விரலை ஒடிச்சுடறா."

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. "நீங்க தரகருங்க. 'அவரு ஒத்துக்கிட்டாரு, இவரு ஒத்துக்கிட்டாரு'ன்னு சொல்றதுதானே உங்க பொழப்பு? நான் எப்படிங்க நம்பறது?"ன்னேன். மனுசனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகல. அவரு சொல்றது நெசமா இருந்துட்டா?

மறுநாள் ஒரு சோதனை வச்சேன். அவரை வெளியில நிக்கச் சொல்லிட்டு, பாப்பா நாக்குல வெல்லத்தைக் கொஞ்சம் தடவுனேன். என்னா தடவுனேன்னு அவருக்குத் தெரியாது. அப்புறம் உள்ள கூப்பிட்டேன். துண்டைப் போட்டு, "இனிப்பா கண்ணு?"ன்னாரு. "ஆள்காட்டி விரலு"ன்னு எங்கிட்ட சொன்னாரு. எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு. உடனே அவரு, "நெசமாவா? நல்லா யோசிச்சு சொல்லு"ன்னாரு. கட்டை விரலைப் பிடிச்சுட்டா! "அப்ப புளிப்பா?"ன்னாரு. ஆள்காட்டி. "புளிப்பேவா?" கட்டை விரல். அவரு ஹாஹான்னு சிரிக்கிறாரு, அவளும் சிரிக்கிறா. எனக்கு வந்த கோவத்துக்கு வெல்லத்தைத் தூக்கி டப்பாவுல போட்டு மூடுனேன்.

"இதுக்குப் பேரு பேச்சா? மாத்தி மாத்திச் சொல்றா!"

"பேரம்னா அப்படித்தான் புள்ள. மொதப் பிடியிலயே எவனாவது விலையைச் சொல்லுவானா?"ன்னாரு, ரொம்பச் சாதாரணமா.

நானும் பாப்பாவும் வாரம் ஒருக்கா பஸ் ஏறி தர்மபுரியில ஒரு மையத்துக்குப் போவோம். காலு கையை நீட்டி மடக்கப் பயிற்சி குடுப்பாங்க. பேச்சுக்கும் ஒரு மேடம் இருந்தாங்க. சின்ன வயசுதான், ஆனா பொறுமைன்னா பொறுமை, எங்கருந்துதான் வந்துச்சோ! டம்ளரையும் பந்தையும் முன்னால வச்சு "எது வேணும்?"னு கேப்பாங்க. பாப்பா கை நீட்ட மாட்டா. நீட்டணும்னு நெனச்சாலே அந்தக் கை வேற எங்கயாவது போயிடும். நான் பேச்சோட பேச்சா துண்டு வெளையாட்டைச் சொல்லிச் சிரிச்சேன். மேடம் சிரிக்கல. "அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. துண்டையும் எடுத்துட்டு வாங்க"ன்னாங்க.

அடுத்த வாரம் அவரு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, துண்டைத் தொவைச்சு மடிச்சு எடுத்துட்டு வந்தாரு. மேடம் தன் கையையே துண்டுக்குள்ள விட்டாங்க. ஒரு கேள்வி கேட்டாங்க, வாயை மூடிக்கிட்டு அவ மூஞ்சியையே பாத்தாங்க. பதில் வர்றதுக்குள்ள நானா இருந்தா நாலு கதை சொல்லி முடிச்சிருப்பேன். பதில் வந்துச்சு. சரியான பதில். அடுத்த கேள்வி. அதுவும் சரி. துண்டை எடுத்துட்டுக் கேட்டுப் பாத்தாங்க, பாப்பா கையை இறுக்கி மூடிக்கிட்டா. "சரிடா தங்கம், உனக்கு துண்டு வேணும், அவ்ளோதானே?"ன்னு திரும்பப் போட்டுவிட்டாங்க. எங்க பக்கம் திரும்பி, "சுட்டிக்காட்ட வரல, ஆனா பிடிக்க வருது. இதுலருந்தே ஆரம்பிக்கலாம். எல்லாரும் இதே மாதிரி கேளுங்க"ன்னாங்க. எங்கூட்டுக்காரரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல மீசையைத் தடவிக்கிட்டே வந்தாரு.

அந்த வருசம்தான் ஒண்ணாங்கிளாஸ் சேக்கணும். எங்க ஊருப் பள்ளிக்கூடம் சின்னது, மொத்தமே ரெண்டு டீச்சருங்க. ஒண்ணாங்கிளாஸ் பெரிய டீச்சர்தான் எடுப்பாங்க. நல்ல மனுசி, அதுல குத்தம் சொல்ல முடியாது. "பேரு எழுதிக்கறேம்மா, அதுல ஒண்ணும் பிரச்சன இல்ல. ஆனா தெனமும் இங்க வர்றதா, இல்ல வூட்டுலயே வச்சு, வாரத்துக்கு ஒருக்கா டீச்சர் வந்து சொல்லிக் குடுக்கறதா, அதான் யோசிக்கணும்"னாங்க. "தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, வலிக்குது, இதைச் சொல்லத் தெரிஞ்சா போதும், நான் பாத்துக்கறேன். ஒண்ணும் தெரியாம வச்சுக்கிட்டு, புள்ளைக்கு என்னாவது ஆயிட்டா நான் என்னா பண்றது, சொல்லு?"

அவங்க கேட்டதும் நாயந்தான். வூட்டுலயே இருந்தா என்னாகும்னு எனக்கு நல்லாத் தெரியும். மிஷின் பக்கத்துல அந்த நாற்காலி. வாசல்ல புள்ளைங்க போற சத்தம். அஞ்சு வருசமா பாத்த அதே வாசலை இன்னும் எத்தனை வருசம் பாப்பா? "எம்பொண்ணு சொல்லுவா டீச்சர். நீங்களே கேட்டுப் பாருங்க"ன்னு மார் தட்டிட்டு வந்தேன்.

சொன்ன நாள்ல மூணு பேரும் போனோம். பெரிய டீச்சர் துண்டைப் பாத்துட்டு, "என்னாம்மா இது, என்னை மாட்டு யாவாரத்துல எறக்கி விடறீங்க?"ன்னு சிரிச்சாங்க. எந்த விரலு எதுக்குன்னு நான் சொன்னதும் கையை உள்ள விட்டாங்க.

"தண்ணி வேணுமா பாப்பா?"

கட்டை விரலைப் பிடிச்சா. வேணாம். வர்ற வழியிலதான் குடிச்சிருந்தா, சரியான பதிலு.

"வேணாமா?"ன்னு டீச்சர் குனிஞ்சு அன்பாத்தான் கேட்டாங்க. பாப்பா பிடியை மாத்தி ஆள்காட்டி விரலைப் பிடிச்சா. "ஓ, வேணுமா?" கட்டை விரல். "வேணாமா அப்ப?" ஆள்காட்டி.

டீச்சர் ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நான் எங்கூட்டுக்காரரை மொறைச்சேன். வேற கேள்வி கேட்டாங்க. அதுலயும் மொதல்ல ஒண்ணு, அப்புறம் வேற ஒண்ணு. பாப்பா என்னமோ சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. டீச்சர் கையை வெளிய எடுத்து, துண்டை அழகா மடிச்சு எங்கிட்ட குடுத்தாங்க. "இந்த வருசம் வூட்டுல இருக்கட்டும்மா. அடுத்த வருசம் பாக்கலாம்"னாங்க.

வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் பேசல. நானே பேசலைன்னா பாத்துக்குங்க. வந்ததும் அவரு மேல பாஞ்சேன். "வெளையாட்டு வெளையாட்டுன்னு எம்பொண்ணைக் கேலிப் பொருளா ஆக்கிட்டீங்க!" அவரு துண்டைக் கொடியில போட்டுட்டு வெளிய போயிட்டாரு. நான் பாப்பாவைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். அவ என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. அப்பவும் அதே கேள்விதான் எனக்கு. நான் ஏன் அழறேன்னு இவளுக்குத் தெரியுதா, தெரியலயா?

அடுத்த சந்தை அன்னைக்கு நூல்கண்டு, பித்தானெல்லாம் வாங்க வேண்டியிருந்துச்சு. பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஏறுனேன். சாமானை வாங்கிட்டு, அவரோடயே வூட்டுக்குப் போயிடலாம்னு மாடு கட்டற பக்கம் போனேன். அங்க பொம்பளைங்க அதிகமா போக மாட்டாங்க. அவரு ஒரு ஜோடி காளைக்குப் பேரம் பேசிட்டு இருந்தாரு. நாங்க நின்னதை அவரு பாக்கல.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவரு வேலை செய்யறதை நான் உத்துப் பாத்ததே இல்ல. அன்னைக்குப் பாத்தேன். துண்டுக்குள்ள கை அசையுது. அவரு தலையை ஆட்டி, "நல்லா யோசிச்சு சொல்லுங்க"ன்னாரு. எதுத்தாப்புல இருந்தவரு பிடியை மாத்துறாரு. "நெசமாவா?"ன்னாரு. திரும்பவும் மாத்துறாரு. "இன்னொருக்கா சொல்லுங்க." மறுபடியும் மாத்துறாரு. ஒவ்வொருக்கா அவரு கேக்கும்போதும் என் இடுப்புல இருந்தவ களுக்குன்னு சிரிக்கிறா.

எனக்குச் சட்டுனு உறைச்சுச்சு. அடப்பாவி மனுசா!

இங்க இன்னொருக்கா கேட்டா என்னா அர்த்தம்? நீ சொன்னது எனக்குச் சரிப்படல, மாத்துன்னு அர்த்தம். மாத்தலைன்னா பேரமே இல்ல. இதே மனுசன் தெனமும் வூட்டுல இவ விரலைப் பிடிச்சுக்கிட்டு, பழக்க தோசத்துல "நெசமாவா? நல்லா சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. இவளும் நல்ல யாவாரி மாதிரி மாத்திக்கிட்டே இருந்திருக்கா. மேடம் கிட்ட மட்டும் ஏன் சரியா சொன்னா? மேடம் ஒருக்காதான் கேட்டாங்க! வெல்லம் தடவுன அன்னைக்கும் மொதப் பிடி சரிதானே? பெரிய டீச்சர் கிட்டயும் மொதப் பிடி சரிதானே? எம்பொண்ணு தப்பே பண்ணல. எங்க வூட்டு வழக்கத்தை ஒரு எழுத்து பிசகாம கத்துக்கிட்டிருக்கா.

அங்கயே, அத்தனை ஆம்பளைங்க மத்தியில, அவளுக்கு முத்தமா குடுத்தேன். ஒருத்தரு "என்னாம்மா ஆச்சு?"ன்னாரு. "எம்பொண்ணுக்கு எல்லாம் புரியுதுங்கோ!"ன்னு கத்துனேன். பேரம் பேசிட்டு இருந்த எங்கூட்டுக்காரரு திடுக்குனு திரும்பிப் பாத்தாரு, அந்தப் பேரம் அதோட கெட்டுப்போச்சு.

விசயத்தைச் சொன்னதும் அவரு தலையில கையை வச்சுக்கிட்டு மாட்டுத் தண்ணித் தொட்டி மேல உக்காந்துட்டாரு. "நான்தான் கெடுத்தேனா?"ன்னாரு. "நீங்கதான் பேசவும் வச்சீங்க. எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம்"னேன். அன்னைக்கு அவரு மேல எனக்குக் கோவமே வரல.

அன்னைலருந்து வூட்டுல ஒரே சட்டம். ஒருக்காதான் கேக்கணும். சொன்னது எதுவோ, அதும்படி நடக்கணும். கேக்கச் சுலபமா இருக்குதில்ல? பசியோட இருக்கறவ சோறு வேணாம்னு கட்டை விரலைப் பிடிச்சுட்டா, தட்டை எடுத்துட்டுப் போகணும். போனேன். அவ கத்துன கத்து இருக்கே! நானும் அடுப்பங்கரையில நின்னு அழுதுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் புதுசா வந்து, புதுசா கேட்டேன். ஆள்காட்டி விரலை விடாம பிடிச்சுக்கிட்டா. அவருக்குத்தான் இன்னும் கஷ்டம். கேட்டுட்டு, பதிலை வாங்கிட்டு, "நெச..."ன்னு ஆரம்பிச்சு, தன் வாயைத் தானே பொத்திக்குவாரு. அதைப் பாத்து பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. மாத்திச் சொல்றது மெல்ல மெல்லக் கொறைஞ்சுச்சு. எனக்கோ ஆசை அடங்கல. மழை பிடிக்குமா? ஆமா. மிஷின் சத்தம் பிடிக்குமா? ஆமா. அம்மா ரொம்பப் பேசறேனா? அதுக்கும் ஆமாவாம், கழுதை!

திரும்ப பெரிய டீச்சர் கிட்டப் போனேன். "டீச்சர், ஒருக்கா மட்டும் கேளுங்க. ரெண்டாவதா கேட்டா அது எங்கூட்டுக்காரரு யாவாரம்"னு ஆரம்பிச்சு முழுக் கதையும் சொன்னேன். அவங்களுக்கும் ஆர்வம் வந்துடுச்சு, சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாங்க. பென்சிலைக் காட்டி, "இது சாக்பீஸா?" கட்டை விரல். "பென்சிலா?" ஆள்காட்டி. "ஒண்ணுக்கு வருதா?" கட்டை விரல். டீச்சருக்கு ரெண்டாவது கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. கடைசியா, "நான் ஆடா?"ன்னு கேட்டாங்க. பாப்பா சிரிச்ச சிரிப்புல நாற்காலியே ஆடுச்சு, பதிலு வர ரொம்ப நேரமாச்சு. டீச்சர் காத்திருந்தாங்க. கட்டை விரல்.

"தெனமும் அனுப்பு. மொதக் கொஞ்ச நாளைக்கு நீயும் கூட உக்காந்துக்க"ன்னாங்க.

எனக்கு அதுதான் வேணும். தையல் ஆர்டரையெல்லாம் குறைச்சுக்கிட்டேன். கிளாஸ்ல எந்தப் பக்கம் உக்காரணும், எப்படிப் பாடத்தை அவ காதுல சொல்லணும்னு எல்லாம் மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

மொத நாள் அவரு வண்டியில கொண்டாந்து எறக்கி விட்டாரு. பாப்பாவை நாற்காலியில உக்கார வச்சு, பெல்ட்டு போட்டு, பக்கத்துலயே நான் பாயில உக்காந்தேன். புள்ளைங்க சுத்தி நின்னு துண்டைப் பாத்து ஆளாளுக்குக் கேள்வி கேக்குதுங்க. எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன். அவளுக்கு என்னா பிடிக்கும், எப்படிச் சாப்பிடுவா, எல்லாம். பாப்பா என்னைப் பாக்கல. புள்ளைங்களைப் பாத்தா. அவங்க பக்கம் உடம்பை முறுக்கி முறுக்கித் திரும்பறா, நடுவுல நான் உக்காந்திருக்கேன். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்தா. எனக்குப் புரியாத பார்வை.

துண்டைப் போட்டுக் கையை உள்ள விட்டேன்.

"அம்மா இங்கயே இருக்கட்டுமா கண்ணு?"

எப்பவும் கொஞ்ச நேரம் எடுத்துக்குவா. அன்னைக்கு உடனே வந்துச்சு. கட்டை விரல். இறுக்கமா.

என் நாக்குல வந்து நிக்குது. நெசமாவா? அம்மா போகட்டுமா? நல்லா யோசிச்சு சொல்லுடி. இன்னொருக்கா கேட்டா மாத்துனாலும் மாத்திடுவா, எனக்கு அது தெரியும். அஞ்சு வருசமா ஒரு நிமிசம் பிரிஞ்சதில்ல. கேட்டுடலாமான்னு எனக்கு உசுரே துடிச்சுச்சு.

கேக்கல. கையை மெதுவா வெளிய எடுத்தேன். துண்டை அவ கை மேலயே விட்டுட்டு எந்திரிச்சேன். டீச்சர் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "நான் இருக்கேன், போ. எதுன்னாலும் போன் பண்றேன்"னாங்க.

வெளிய அவரு இன்னும் போகாம, வண்டியைப் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்திக்கிட்டு நிக்கிறாரு.

"ஏன் வந்துட்ட?"

"உங்க பொண்ணு என்னைப் போகச் சொல்லிட்டா."

அவரு வாயைத் தொறந்தாரு. என்னா கேக்கப் போறாருன்னு எனக்குத் தெரியும். தொறந்த வாயை மூடிக்கிட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணாரு.